வாசல் கேமராவில் குரல் வேண்டாம்

குஷாய்குடா,
10.2.2025

அண்ணாவுக்கு,

ப்ரியா எழுதுகிறேன். நலம் விசாரிக்க எழுதவில்லை. அதனால் அந்த வரிகளை விட்டுவிடுகிறேன்.

மௌலா அலியில் மனை வாங்கிய விஷயம் மன்னி மூலமாக உனக்குத் தெரிந்திருக்கும். வீடு எழும்பிவிட்டது. அடுத்த மாதக் கடைசியில் சுவருக்குப் பூச்சு. பூசுவதற்கு முன்னால் கேமரா ஒயர் போகிற பைப்புகளைச் சுவருக்குள் பதித்துவிட வேண்டும், எங்கெங்கே என்று இப்போதே சொல்லுங்கள் என்று யாதகிரி தினமும் கேட்கிறார். இங்கே கடை வைத்திருக்கும் கேமராக்காரர். நல்ல மனுஷர்தான். ஆனால் எதைக் கேட்டாலும் "ஹோ ஜாயேகா மேடம்" என்கிறார். எல்லாம் ஆகிவிடும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்கிறவர்களை நம்பி நான் ஒரு தடவை பட்டது போதும்.

பதினெட்டு வருஷமாக மில்லுக்கும் காலேஜுக்கும் கேமரா மாட்டுகிறவன் நீ. அந்த முறையில் கேட்கிறேன், தங்கை என்ற முறையில் இல்லை. வீட்டின் வரைபடத்தை சாஹித்யாவின் கிராஃப் பேப்பரில் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். சிவப்புப் பென்சிலால் எட்டு இடம் குறித்திருக்கிறேன். சரியா, எவ்வளவு உயரம், பிறகு எப்படிப் பராமரிப்பது, எல்லாம் எழுது. வாசல் கேட்டில் வருவது மட்டும் மைக்கும் ஸ்பீக்கரும் உள்ளதாக இருக்க வேண்டும். இந்த வீட்டு வாசலில் நீ மாட்டிவிட்டுப் போனாயே, அதே மாதிரி.

இந்த வீட்டை ஓனர் விற்றுவிட்டார். மே கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

போன் பண்ணாதே. செகந்திராபாத் ஸ்டேஷனில் உன்னை ரயிலேற்றும்போது சொன்னதுதான் இன்றைக்கும். உன் குரல் என் காதில் விழ வேண்டாம். வாட்ஸ்அப்பும் வேண்டாம், அதில் நீ பேசி அனுப்புவாய். எழுது.

ப்ரியா


கோயம்புத்தூர்,
18.2.2025

அன்புள்ள ப்ரியா,

கவரின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டு அரைமணி நேரம் பிரிக்காமல் மேஜைமேல் வைத்திருந்தேன். உன் மன்னிதான் பிரித்துக் கையில் கொடுத்தாள். வீடு எழும்பியதில் ரொம்ப சந்தோஷம். மாப்பிள்ளைக்கும் சாஹித்யாவுக்கும் என் ஆசிகள்.

எட்டு வேண்டாம், நாலு போதும். கேமரா கூடக் கூட அதைப் பார்ப்பது குறைந்துவிடும். இதை எத்தனையோ மில் முதலாளிகளிடம் சொல்லித் தோற்றிருக்கிறேன், நீயாவது கேள். ஒன்பதடி உயரத்துக்கு மேல் போகாதே. மேலே போனால் உச்சந்தலைதான் தெரியும், முகம் தெரியாது. மேற்கு பார்த்து ஒன்றும் வைக்காதே, சாயங்கால வெயிலில் வருகிறவர்கள் எல்லாரும் கறுப்பாகத்தான் தெரிவார்கள். ஒயர் இழுத்த கேமராவாகவே போடு. ரெக்கார்டரை டி.வி.க்கு அடியில் வைக்காமல் பரணில் வைத்துப் பூட்டு, காற்றுக்கு மட்டும் வழி விடு. கரண்ட் போனால் தாங்க அதற்கென்று தனியாகச் சின்ன யூ.பி.எஸ். வேண்டும்.

மாட்டுவதை விடப் பராமரிப்புதான் பெரிது. மாதம் ஒரு முறை லென்ஸை மெத்தென்ற துணியால் துடை. சிலந்திக்குக் கேமரா என்றால் கொள்ளைப் பிரியம், கூடு கட்ட விடாதே. தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா பார். முக்கியமாக, மாதம் ஒரு தடவை பழைய பதிவு ஒன்றை ஓட்டிப் பார்த்துவிடு. பச்சை விளக்கு எரிகிறது என்பதற்காகப் பதிவாகிறது என்று அர்த்தமில்லை. அப்புறம் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்பதென்றால் கேமராவின் முதுகில் வை. அந்த வருஷம் லென்ஸின் மேலேயே குங்குமத்தை வைத்துவிட்டாய். நாலு நாள் உங்கள் தெருவே எனக்குச் சிவப்பாகத் தெரிந்தது.

ஒன்று கேட்க வேண்டும். திருடன் பின்பக்கக் காம்பவுண்டு ஏறித்தான் வருவான், இல்லாவிட்டால் மாடிப்படி வழியாக. அந்த இரண்டு இடத்திலும் நீ ஒன்றும் குறிக்கவில்லை. எட்டுமே தெருவைப் பார்க்கின்றன. அதிலும் ஐந்து, மௌலா அலி ஸ்டேஷன் போகும் ரோட்டைப் பார்க்கின்றன. ஏன்?

வாசல் கேமராவுக்குப் படம் போதும், குரல் வேண்டாம். தெருச் சத்தமெல்லாம் உள்ளே வரும், அக்கம்பக்கத்தில் மனஸ்தாபம் வரும். மைக் இல்லாததாகப் பார்த்து வாங்கு.

உமாசங்கர்


குஷாய்குடா,
1.3.2025

அண்ணா,

திருடனுக்காகத்தான் நான் கேமரா வைக்கிறேன் என்று உனக்கு யார் சொன்னது? என் வீட்டில் திருட என்ன இருக்கிறது? யாதகிரியும் இதையேதான் கேட்டார். "சோர் கேட் சே ஆத்தா க்யா மேடம்?" திருடன் கேட் வழியாக வருவானா என்று. "சோர் நஹீ, அப்பா" என்றேன், திருடன் இல்லை, என் அப்பா என்று. பாவம், அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் தள்ளிப் போய் நின்றார்.

2022 ஜூன் 14, செவ்வாய்க்கிழமை, மத்தியானம் மூன்று நாற்பது. வருகிற ஜூனோடு மூன்று வருஷம். அப்பா இந்த கேட்டைத் திறந்துகொண்டு மௌலா அலி பக்கமாகத் திரும்பிப் போனார். அதனால்தான் அங்கே மனை. என் வீட்டுக்காரர் கொம்பள்ளியில் ஃப்ளாட் பார்த்து வைத்திருந்தார், நான் ஒரே பிடிவாதமாக மாட்டேன் என்றேன். அப்பா போன ரோட்டில்தானே அப்பா திரும்பி வரவேண்டும்? எட்டு கேமராவும் தெருவைப் பார்ப்பது அதற்குத்தான். நாலு போதும் என்று இனி எழுதாதே.

அப்பாவுக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்த பிறகும் ஒரு வழக்கம் மட்டும் தப்பவே இல்லை, உனக்குத் தெரியும். "போயிட்டு வரேன்" என்று சொல்லி, யாராவது "போயிட்டு வாங்கோ" என்று பதில் சொன்னால்தான் வாசலைத் தாண்டுவார். அம்மா இருந்த நாளிலிருந்து அப்படி. ரிட்டையராகிப் பதினாறு வருஷத்துக்குப் பிறகும் மூன்றரை மணி ஆனால் செகண்ட் ஷிஃப்ட் பஸ் வந்துவிடும் என்று பையை எடுத்துக்கொள்வார், செருப்பு போடுவார், கேட் பக்கத்தில் நிற்பார். "இருங்கோப்பா" என்றால் இருப்பார். பதில் வராவிட்டால் மணிக்கணக்கில் நிற்பார். டாக்டர் பூட்டு போடச் சொன்னபோது நாம் இரண்டு பேரும் சிரித்தோம். இந்த மனுஷருக்கு எதற்குப் பூட்டு?

அப்படிப்பட்டவர் அன்றைக்கு எப்படித் தாண்டினார்?

வீடியோ அழிந்துவிட்டது, இந்த ஒரு படம்தான் மிஞ்சியது என்று அன்று சாயங்காலம் அனுப்பினாயே, அதைத்தான் தெலுங்கிலும் உருதுவிலும் இங்கிலீஷிலும் போஸ்டர் அடித்து மௌலா அலி ஸ்டேஷனிலிருந்து தர்கா மலைப்படி வரை ஒட்டினோம். கட்டம்போட்ட சட்டை, தோளில் பை, கண் நேரே கேமராவைப் பார்க்கிறது. வாய் லேசாகத் திறந்திருக்கிறது. மூன்று வருஷமாக அந்த வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்பா என்ன சொல்லிக்கொண்டிருந்தார் அண்ணா?

இன்னொன்று. யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை விளக்கு தேய்க்கும்போது இந்தப் பழைய கேமராவையும் துடைத்து வைக்கிறேன், நன்றாகவே ஓடுகிறது. தினமும் மூன்று நாற்பதுக்கு என் போன் மணியடிக்கிறது, வாசலில் ஆள் என்று. திறந்து பார்த்தால் கேட்டும் தெருவும் மட்டும் இருக்கும்.

ஸ்பீக்கர் வைத்ததுதான் வாங்குவேன்.

ப்ரியா


கோயம்புத்தூர்,
11.3.2025

ப்ரியா,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன்.

மூன்று நாற்பது விஷயத்துக்கு முதலில் பதில் சொல்கிறேன், அது எனக்குத் தெரிந்த விஷயம். கேமராவுக்கு மனுஷன் தெரியாது, அசைவுதான் தெரியும். எதிர்வீட்டு வேப்பங்கிளை கேட்டுக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தால் அதன் நிழல் ஒரு கோணத்தில் விழும்போது தலையும் தோளுமாகத் தெரியும். அந்தக் கிளையை வெட்டச் சொல். கேமராவைச் சுற்றி ஒட்டடை இருந்தால் எடு. மாட்டியிருக்கும் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறதா என்று பார், லாரி போனால்கூட அதிர்ந்து அப்படிக் காட்டும். கேமராவின் கடிகாரத்தையும் போனோடு ஒத்துப் பார்.

இதைத்தான் நான் யார் கேட்டாலும் சொல்வேன். உன்னிடம் மீதியையும் சொல்லிவிடுகிறேன். நிழலாக இருந்தால் நேரம் நகர வேண்டும். மார்ச்சில் மூன்று நாற்பதுக்கு விழும் நிழல் டிசம்பரில் அதே நேரத்துக்கு விழாது. இங்கே டிசம்பரிலும் மூன்று நாற்பதுதான்.

எப்படித் தெரியும் என்று கேட்பாய். அந்த ஆப்பை நான் என் போனிலிருந்து எடுக்கவே இல்லை. உனக்கு அடிக்கும் மணி எனக்கும் அடிக்கிறது. எங்கே இருந்தாலும், ஏணிமேல் இருந்தாலும் இறங்கிவந்து பார்க்கிறேன். கேட்டும் தெருவும் மட்டும்தான். சில நாள் நீ கையில் துணியோடு வந்து நின்று கேமராவையே பார்ப்பாய். நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே கேட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று உனக்குத் தெரியாது. தலை நிறைய நரைத்துவிட்டது உனக்கு.

அப்பா என்ன சொன்னார் என்று கேட்டிருக்கிறாய். படத்தில் சத்தம் இல்லை ப்ரியா. அசையாத படம் அது.

பைப் பதிக்கும்போது வளைவுகள் குறைவாக இருக்கட்டும், பின்னால் ஒயர் மாற்ற சுலபம். எட்டே இருக்கட்டும். குரல் மட்டும் வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன்.

உமாசங்கர்


குஷாய்குடா,
2.4.2025

அண்ணா,

பூச்சு முடிந்துவிட்டது. எட்டு இடத்திலும் ஒயர் முனை சுவரிலிருந்து எட்டிப் பார்க்கிறது. வாசல் தூணில் மட்டும் இரண்டு, ஒன்று படத்துக்கு, ஒன்று ஸ்பீக்கருக்கு. உன் பேச்சைக் கேட்கவில்லை.

நீ சொன்னதையெல்லாம் செய்து பார்த்தேன். எதிர்வீட்டாரிடம் சொல்லிக் கிளையை வெட்டியாயிற்று. ஒட்டடை எடுத்தேன். ஸ்க்ரூவை இவர் முறுக்கிவிட்டார். கடிகாரம் நாலு நிமிஷம் பிந்தியிருந்தது, சரிசெய்தேன். நாலு நாள் மணியடிக்கவில்லை. அந்த நாலு நாள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எதற்கு அண்ணன் பேச்சைக் கேட்டுக் கிளையை வெட்டினோம் என்று அழுதேன். ஐந்தாம் நாள் அடித்தது. சரியாக மூன்று நாற்பது, திருத்திவைத்த கடிகாரத்தில்.

சாஹித்யா பக்கத்தில்தான் இருந்தாள். போனை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி வைத்துவிட்டு, "தாத்தா திரிகி ராரு அம்மா" என்றாள். தாத்தா திரும்பி வரமாட்டார். அதைத் தமிழில் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை போலிருக்கிறது. புது வீட்டில் அப்பாவுக்கென்று கீழே ஒரு அறை வேண்டும் என்றேன், இவர் கட்டிவிட்டார்.

மே கடைசியில் இந்தக் கேட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். வாங்கியவர்கள் இடிக்கப் போகிறார்களாம். அப்பாவுக்குத் தெரிந்த வாசல் இது ஒன்றுதான். இங்கே வந்து நின்று, "போயிட்டு வந்துட்டேன்" என்று சொன்னால் பதில் சொல்ல ஆள் இருக்காது. இதை எப்படி விட்டுவிட்டு நான் அங்கே போய்ப் பால் காய்ச்சுவேன்? என்ன நடந்தது என்று தெரியாமல் இந்த வாசலை விட்டு என்னால் நகர முடியாது. அதுதான் விஷயம். கேமராவெல்லாம் அப்புறம்.

ஒரு தடவைதான் கேட்பேன். குரல் ஏன் வேண்டாம்? தெருச் சத்தம், அக்கம்பக்கம் என்றெல்லாம் எழுதாதே. நான் உன் கஸ்டமர் இல்லை.

ப்ரியா


கோயம்புத்தூர்,
14.4.2025

ப்ரியா,

இன்று வருஷப்பிறப்பு. மூன்று தடவை எழுதிக் கிழித்தாயிற்று. இதைக் கிழிக்கமாட்டேன்.

வீடியோ அழியவில்லை. பத்தொன்பது விநாடி. பதிவெல்லாம் என் கணக்கில்தான் சேர்கிறது, அன்றே எடுத்துவைத்தேன், என்னிடம் இருக்கிறது. பென்டிரைவில் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். போலீஸுக்கும் உனக்கும் நான் அனுப்பிய படம் அதிலிருந்து எடுத்ததுதான், ஏழாவது விநாடி.

அந்தக் கேமராவை மாட்டியபோது என்ன சொன்னேன் என்று ஞாபகம் இருக்கும். "நாள் பூரா நீ பாத்துக்கறே. மத்தியானம் மூணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் நான் கோயம்புத்தூர்லேர்ந்து பாத்துக்கறேன், நீ கொஞ்சம் கண்ணை மூடு" என்றேன். பெருமையாகச் சொன்னேன். பத்து மாதம் அப்படியே நடந்தது. மூன்றரைக்கு அப்பா கேட்டுக்கு வருவார், கேமராவைப் பார்த்து, "சங்கரா, போயிட்டு வரேன்டா" என்பார். நான் மைக்கை அழுத்தி, "இருங்கோப்பா, ப்ரியா வரட்டும்" என்பேன். உள்ளே போய்விடுவார். தினமும் இதேதான்.

அன்றைக்கு ஒரு மில்லில் புதுக் கேமராக்களை முதலாளிக்கு ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தேன். ஒன்று வேலை செய்யவில்லை, அந்த ஆள் கத்திக்கொண்டிருந்தார். போன் அடித்தது. திரையைப் பார்க்காமல் கட்டைவிரலால் அழுத்தினேன். "போயிட்டு வரேன்டா" என்றது காதில் விழுந்தது. யாராவது அப்படிச் சொன்னால் வாய் தானாக என்ன சொல்லும்? "ம், போயிட்டு வாங்கோப்பா" என்று சொல்லிவிட்டுப் போனைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

மீதியை அப்புறம் வீடியோவில்தான் பார்த்தேன். அப்பா தலையை ஆட்டினார். கேட்டைத் திறந்தார். வெளியே போய், கையை உள்ளே விட்டுக் கொண்டியைப் போட்டார். நாய் வந்துவிடும் என்று எப்போதும் போடுவாரே, அப்படி. பிறகு வலதுபக்கம் திரும்பிப் போனார். நடையில் சந்தோஷம் இருந்தது, அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

அப்பாவை நான்தான் அனுப்பினேன் ப்ரியா. சாயங்காலம் நீ போனில் கதறியபோது என் வாயில் வந்த முதல் வார்த்தை, வீடியோ அழிஞ்சுடுத்து என்பது. அதன் பிறகு அதை மாற்ற தைரியம் வரவில்லை. அந்தக் கேமராவில் என் குரல் இருக்கிறது. இன்னொரு வாசலில் அப்படி ஒரு ஸ்பீக்கர் இருப்பதை என்னால் தாங்க முடியாது.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

உமாசங்கர்


குஷாய்குடா,
3.5.2025

அண்ணா,

பென்டிரைவ் வந்தது. அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் வைத்திருக்கிறேன். போட்டுப் பார்க்கவில்லை. எனக்குத் தேவையில்லை, ஏனென்றால் எனக்குத் தெரியும்.

அன்றைக்கு நான் குளித்துக்கொண்டிருந்தேன் என்று போலீஸில் எழுதிக் கொடுத்தேன். உன்னிடமும் இவரிடமும் அதையே சொன்னேன். பொய். ஹாலில் தரையில் படுத்திருந்தேன், ஜன்னல் திறந்திருந்தது. வாசல் கேமராவுக்கும் எனக்கும் பத்தடி இருக்காது. அப்பா, "சங்கரா, போயிட்டு வரேன்டா" என்றது கேட்டது. நீ, "போயிட்டு வாங்கோப்பா" என்றதும் கேட்டது. அந்த "ம்" உள்பட. கொண்டி விழுந்த சத்தமும் கேட்டது.

கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன் அண்ணா. எழுந்து ஓட வேண்டும் என்று தெரியும். எழுந்திருக்கவில்லை. பத்து மாதமாகக் குளிக்கும்போதும் கதவைத் திறந்துவைத்துக் குளித்தவள் நான். மத்தியானம் உன் முறை, நீ விடை கொடுத்துவிட்டாய், இனி உன் பொறுப்பு என்று தோன்றியது. அப்பாடா என்று இருந்தது. ஐந்து நிமிஷம் என்று கண்ணை மூடினேன். முழித்தபோது மணி நாலரை.

வீடியோ அழிந்துவிட்டது என்று நீ சொன்னபோது எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, நிம்மதி. சத்தம் இருந்தால் ஜன்னல் திறந்திருந்ததும் அதில் இருக்கும், நான் உள்ளே புரண்டு படுத்ததுகூட இருக்கும் என்று பயந்துகொண்டிருந்தேன். கோபம் அப்புறம் வந்தது. நீ பொய் சொல்கிறாய் என்று எனக்குத் தெரியும், அதை வைத்துக்கொண்டு உன்னை வெறுத்தேன். உன் குரலைக் கேட்டால் அந்த மத்தியானம் கேட்கிறது. அதனால்தான் ஸ்டேஷனில் அப்படிச் சொன்னேன். ஸ்பீக்கர், ஸ்பீக்கர் என்று உன்னைக் குடைந்ததும் அதற்குத்தான். நீ முதலில் சொன்னால் நான் சொல்லலாம் என்று இருந்தேன். கோழை நான்தான்.

இப்போது சொல்லியாயிற்று. லேசாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. ஆனால் இரண்டு பேர் தூக்குகிறோம்.

29ஆம் தேதி இங்கே காலி செய்கிறோம். ஜூன் 5 பால் காய்ச்சுகிறோம். நீயும் மன்னியும் வந்தால் வாசலில் உட்காரவைத்து ஆரத்தி எடுப்பேன். வராவிட்டால் அதுவும் சரி.

ப்ரியா


கோயம்புத்தூர்,
13.5.2025

ப்ரியா,

வருகிறோம். டிக்கெட் எடுத்தாயிற்று.

நீ கேட்டுக்கொண்டிருந்தாய் என்று படித்ததும் உன்மேல் கோபம் வருமோ என்று பயந்தேன். வரவில்லை. அந்த நாளில் இன்னொருவரும் இருந்திருக்கிறார் என்றுதான் தோன்றியது. மூன்று வருஷம் அந்தப் பத்தொன்பது விநாடிக்குள் நான் தனியாக இருந்தேன்.

புது வீட்டுத் தூணில் ஸ்பீக்கர் இருக்கட்டும். தரையிலிருந்து நாலரை அடி, அப்பாவின் காது உயரம். மழை படாமல் மேலே சின்ன சன்ஷேட் வைக்கச் சொல்.

பழைய கேமராவை வேறு யாரும் கழற்ற வேண்டாம், நீயே கழற்று. ஆனால் கடைசியாகக் கழற்று. நெட் கனெக்‌ஷனையும் அதுவரை எடுக்காதே. 29ஆம் தேதி மூன்று நாற்பதுக்கு நான் வேலைக்குப் போகமாட்டேன், போனைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் இருப்பேன். போயிட்டு வாங்கோ என்று சொன்னவன் நான். வாங்கோ என்று கூப்பிட வேண்டியவனும் நான்தான். நீ கேட்க வேண்டாமென்றால் அந்த நேரத்துக்குத் தள்ளிப் போய்விடு.

அண்ணா


சனத்நகர்,
30.5.2025

அண்ணா,

பால் காய்ச்சும் வரை இவருடைய அக்கா வீட்டில் இருக்கிறோம். சாமானெல்லாம் நேற்றே புது வீட்டு மாடியில் ஏற்றியாயிற்று. லாரியோடு இவரையும் சாஹித்யாவையும் அனுப்பிவிட்டு நான் மட்டும் பழைய வீட்டில் இருந்தேன். தள்ளிப் போகவில்லை.

காலி வீட்டில் சத்தம் எப்படி இருக்கும், உனக்குத் தெரியும். மூன்றரையிலிருந்து கேட் பக்கத்தில் நின்றேன். மூன்று நாற்பதுக்குப் போன் அடித்தது. திறந்து பார்க்கவில்லை. ஸ்பீக்கர் கரகரத்தது. பிறகு நீ.

"வாங்கோப்பா. ஷிஃப்ட் முடிஞ்சுடுத்து. நாம வேற வீட்டுக்குப் போறோம். ப்ரியா பக்கத்துலதான் நிக்கறா, அவளோட வாங்கோ."

மூன்று வருஷத்துக்குப் பிறகு உன் குரல். கம்மிப்போயிருக்கிறது. அதில் அந்த மத்தியானம் கேட்கவில்லை, நீதான் கேட்டாய். நான் கேட்டை அகலத் திறந்து, ஒருவர் தாண்டுகிற அளவுக்கு ஒதுங்கி நின்றேன். எதற்கு என்று கேட்காதே. கொஞ்ச நேரம் கழித்து ஸ்டூலைப் போட்டு ஏறிக் கேமராவைக் கழற்றி, விளக்குத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். கையை உள்ளே விட்டுக் கொண்டியைப் போட்டேன்.

ஆட்டோவில் ஓரமாக உட்கார்ந்தேன். டிரைவர் திரும்பி, "ஒக்கரேனா மேடம்?" என்றார், ஒருத்தர்தானா என்று. "இத்தரம்" என்றேன். நாங்கள் இரண்டு பேர். அவர் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தார். ஸ்டேஷன் ரோடு முழுக்க மெதுவாகத்தான் ஓட்டினார்.

புது வாசலிலும் ஒதுங்கி நின்று, "வாங்கோப்பா" என்றேன். கீழ் அறையில் ஜன்னலைத் திறந்துவிட்டேன். அவ்வளவுதான்.

வாசல் கேமராவை யாதகிரி இன்று காலையில் மாட்டினார். ஸ்பீக்கர் நாலரை அடி உயரத்தில், மேலே சன்ஷேட். இன்னும் நெட் வரவில்லை, மணி ஏதும் அடிக்காது. இன்றைக்கு மத்தியானமும் சனத்நகரிலிருந்து கிளம்பி, மூன்று நாற்பதுக்கு அந்த வாசலில் போய் நின்றுவிட்டுத்தான் வந்தேன்.

இனி எழுதாதே. போன் பண்ணு. எப்போது வேண்டுமானாலும் பண்ணு, மூன்று நாற்பதுக்கு மட்டும் வேண்டாம். அந்த நேரத்தில் நான் வாசலில் இருப்பேன்.

ப்ரியா